துணி எடுத்தியா

மௌரீனை அடக்கம் செய்த பதினோராம் நாளிலிருந்து, சிவாஜிநகர் வீட்டுச் சமையலறையில் அவள் குரல் மட்டும் குடியிருந்தது. மழைக்குக் கால்மணி நேரம் முன்பு, "டிரேவர், துணி எடுத்தியா? மழ வருது" என்று கேட்கும். ஒருநாளும் தவறியதில்லை. வானிலை அறிக்கையை யார் நம்பினார்கள்? அந்தச் சந்தே நாலு வருஷம் அவளை நம்பித்தான் துணி காயப்போட்டது. அவள் கணவர் டிரேவரும், அவள் இருந்த காலத்தைப் போலவே, "எடுத்துட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடுவார்.

பிறகு வீட்டுக்காரர் கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். குரல் சமையலறையைத் தாண்டி வராது. டிரேவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். மகள் ஆஞ்சலா உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்கி வந்தாள். குக்கர் விசில், பஸ் ஹாரன், டிரேவரின் இருமல் எல்லாம் அதில் துல்லியமாகப் பதிந்தன. மௌரீன் பதியவில்லை. "எவ்ளோ க்ளியரா இருக்கு பாருங்க டாடி" என்றவள் அடுத்த நொடியே அழுதாள்.

டிரேவர் பரணிலிருந்து பழைய கேசட் ரெக்கார்டரை இறக்கினார். அதற்கு பெல்ட் மாற்றிக் கொடுத்த கோதண்டராமன், "பழைய மிஷின் காப்பி எடுக்காது சார், எடுத்துக்கும்" என்றார். டிரேவர் காதில் அது ஏறவில்லை. அடுத்த மழைக்கு முன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். குரல் டேப்பில் விழுந்தது. மறுநாள் சமையலறை வாய் திறக்கவில்லை. சொல்லாமல் வந்த மழையில் சந்து முழுக்கத் துணி நனைந்தது.

சரியாக விழுந்திருக்கிறதா என்று போட்டுப் பார்ப்பது டேப் காலத்து ஆட்களின் பழக்கம். முதல் தடவை முழுதாக வந்தது. இரண்டாம் தடவை "வருது" இல்லை. மூன்றாம் தடவை "மழ"யும் இல்லை. டேப் உரசும் ஹெட்டில் அழுக்கு என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து நாலாம் தடவையும் போட்டார், பாவி மனுஷன். "டிரேவர், துணி" என்பதோடு நின்றது. அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொல் ஒன்று உதிர்கிறது. இனி மிச்சம் அவர் பெயர் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு தடவைக்கு.

இப்போது அப்பாவும் மகளும் ஊருக்கு வெளியே, ஹெப்பகோடியில் இருக்கிறார்கள். பழைய வீட்டை இடித்தாகிவிட்டது. பாட்டரி கழற்றிய ரெக்கார்டர் அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"ஒரு தடவ கேட்டுடுங்களேன் டாடி. எத்தன நாளைக்கு இப்பிடி?"

"கேட்டா போயிடுவாம்மா."

மழை வரும்போது பக்கத்து வீட்டார் குரல் கொடுத்துப் பார்த்தார்கள். டிரேவர் எழுவதில்லை. கேட்க வேண்டியவள் இன்னும் கேட்கவில்லையே. கொடியில் நனைந்ததையெல்லாம் ஆஞ்சலா மறுநாள் பிழிந்து மறுபடி காயப்போடுகிறாள்.