குடிக்காத தண்ணீர்

ஊசிக்காரி கூட்டிப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் கூட்டினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சந்தைப் பெண்களிடம் ஒரு வாரம் கடை கடையாக அலைந்து வாங்கிய பதில்கள் எல்லாம் கழிப்பறையை இடிக்கப் பார்க்கும் நகராட்சிக்குச் சாதகமாகப் பேசின. ‘கடையில் இருக்கும்போது கழிப்பறைக்குப் போக எத்தனை முறை தேவைப்படுகிறது?’ என்று கேட்டிருந்தாள். முக்கால்வாசிப் பேர் ‘தேவைப்படாது’ என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் சந்தைக்கு எதிரே உள்ள சுகாதார நிலையத்து நர்ஸ். ஊசிக்காரி என்பது சந்தைப் பெண்கள் வைத்த பெயர். சந்தைக்குப் பின்னால் பெண்களுக்கென்று இருக்கும் ஒரே கழிப்பறையை இடித்துவிட்டு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கட்டப்போகிறது நகராட்சி. நகராட்சி இன்ஜினியரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதவில் எண்ணும் கருவி மாட்டி மூன்று மாதம் பார்த்துவிட்டு, வருபவர்கள் இல்லை என்று கண்டதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். கழிப்பறையின் சாவி, மூட்டைகளை நிறுக்கும் எடைமேடைக்காரரிடம் இருக்கிறது, அவரைச் சுற்றி எந்நேரமும் மூட்டை தூக்கும் ஆண்கள் நாலு பேர் நிற்கிறார்கள், அவர்கள் நடுவே போய் நின்று ‘அண்ணே, சாவி’ என்று கேட்க எந்தப் பெண்ணுக்கும் நா எழாது என்பதெல்லாம் அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?

ஊசிக்காரிக்கு இது ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அவளை வளர்த்த சித்தி அந்தச் சந்தையில்தான் வெங்காயம் விற்கிறாள். சிறுநீர்த் தொற்று முற்றி, போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை விட்டுவிடு என்றால் சித்தி கேட்கிற ஆளா? கழிப்பறையும் போய்விட்டால் சித்தியையும் இழக்க வேண்டியதுதான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் நேராகச் சித்தியிடம் போய் நின்றாள்.

“ஏன் சித்தி, தேவைப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கே?”

சித்தி அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள். “உள்ளதைத்தானே சொன்னேன். தண்ணி குடிச்சாத்தானேடி தேவைப்படும்?”

“அப்போ எப்பத்தான் குடிப்பே?”

“வீட்டுக்குப் போய்க் குடிப்பேன். காலையில கொஞ்சம் வாயை நனைச்சுக்குவேன். எல்லாரும் அப்படித்தான். இதென்ன புதுசா கேக்கறே?”

ஊசிக்காரிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இதே பெண்கள் அடிவயிறு எரிகிறது என்று வரும்போதெல்லாம் மாத்திரையைக் கொடுத்து, ‘தண்ணி நிறைய குடிங்க’ என்று அனுப்பியவள் அவள்தான். அவர்களும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றே மறுபடி கடை கடையாகப் போனாள். இந்த முறை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டாள்.

இடிப்பதை முடிவுசெய்யும் நகராட்சிக் குழுவின் கூட்டத்தன்று புழுக்கம் ஆளைக் கொன்றது. மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. சித்தியும் இன்னும் நாலு கடைக்காரப் பெண்களும் மேஜையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜினியர் தன் கணக்கைச் சொல்லி முடித்ததும் ஊசிக்காரி எழுந்தாள். முதல் கணக்கை மறைத்துவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். பின்னால் யாராவது கண்டுபிடித்தால் இரண்டாவதையும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியதால் அதிலிருந்தே ஆரம்பித்தாள்.

“இன்ஜினியர் சார் சொன்னது சரிதான் சார். நான் கேட்டப்பவும் தேவைப்படாதுன்னுதான் சொன்னாங்க.”

சித்தி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஊசிக்காரி திரும்பவில்லை. ஆண்கள் நடுவே போய்ச் சாவி கேட்கக் கூசித் தண்ணீரே குடிக்காமல் இருப்பதால்தான் தேவை இல்லாமல் போனது என்று சொன்னாள், சந்தையிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அதே தொற்று என்பதையும் சொன்னாள்.

குழுத் தலைவர் நெற்றியைத் துடைத்தார். “நாள் பூரா தண்ணி குடிக்காம ஒரு மனுஷி இருப்பாங்களாம்மா? அவங்க வாயால சொல்றாங்க, நீங்க எழுதிக்கிறீங்க. நாங்க எதை வச்சு நம்பறது?”

 ஊசிக்காரி தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் வைத்திருந்தார்கள். தலைவருடையது காலி. இன்ஜினியருடையதில் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஐந்து பெண்களின் முன்னால் இருந்தவை மூடி திறக்காமல் நின்றன.

“மேஜையைப் பாருங்க சார்,” என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். தலைவர் சித்தியைக் கேட்டார். “ஏம்மா நீங்க யாரும் குடிக்கல? தாகமா இல்லையா?”

“இங்கேருந்து நேரா கடைக்குத்தாங்க போகணும்,” என்றாள் சித்தி. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

 இன்ஜினியர் அந்த ஐந்து பாட்டில்களையும் பார்த்துவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார். “சாவி யார்கிட்ட இருக்குன்னு நான் கேக்கவே இல்ல சார். ஒரு மாசம் சாவி இவங்ககிட்ட இருக்கட்டும். அதே கருவியை வச்சு நானே மறுபடி எண்ணிப் பாக்கறேன்.”

“ஒரு மாசம்தான்,” என்றார் தலைவர். “கணக்கு ஏறலன்னா இடிச்சுடுவோம்.”

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் ஊசிக்காரி சந்தைக்குள் நுழைந்தாள். சாவி சித்தியின் இடுப்பில் தொங்கியது. கழிப்பறைத் தரை கழுவி விட்டிருந்தது. கடைக்குக் கடை தண்ணீர் பாட்டிலும் இருந்தது. ஆனால் ஒன்றிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

“என்ன சித்தி இது? ஒரு மாசம்தானே கொடுத்திருக்காங்க?”

“தெரியுதுடி. எடுக்கறேன், வாய்க்கிட்ட வந்ததும் கை நின்னுடுது.” சித்தி சிரிக்க முயன்றாள். “இத்தனை வருஷப் பழக்கம். உடம்பு நம்ப மாட்டேங்குது.”

ஊசிக்காரிக்குக் கண் கலங்கியது. எந்தக் கணக்கைக் காட்டி இந்த உடம்பை நம்பவைப்பது? சித்தியின் பக்கத்தில் ஒரு சாக்கு மேல் உட்கார்ந்தாள். சித்தி பாட்டிலை எடுத்தாள், மடியில் வைத்துக்கொண்டாள், கழிப்பறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து மடமடவென்று குடிக்க ஆரம்பித்தாள். கழுத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. எதிர்க்கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் பெண்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கோ ஒரு மூடி திருகும் சத்தம் கேட்டது. அப்புறம் அடுத்த கடையில் ஒன்று.