தொண்ணூற்று மூன்று கிலோ

பல் டாக்டருக்குப் பொய் என்றால் ஆகாது. அதாவது, மற்றவர்கள் சொல்கிற பொய்.

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி பல்லு விளக்குறீங்க?" என்று கேட்டால், அந்த நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற அத்தனை பேரும் வாய் கூசாமல் இரண்டு என்பார்கள். அந்தச் சனிக்கிழமை காலை வந்த பஸ் டிரைவரும் அதையேதான் சொன்னார். டாக்டர் சின்னக் கண்ணாடியைக் கன்னத்துக்குள் விட்டு ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டுன்னு நீங்க சொல்றீங்க. உங்க ஈறு வேற கணக்கு சொல்லுதே."

டிரைவர் அசடு வழிந்தார். "ஒரு வாட்டிதான் டாக்டர். அதுவும் லீவு நாள்ல கிடையாது."

"இதைப் போன வருஷமே சொல்லியிருந்தா அந்தப் பல்லுக்கு வேற வைத்தியம் பண்ணியிருப்பேன். பொழைச்சிருக்கும். இப்ப எடுக்கணும்."

சொல்லி முடித்ததும் டாக்டருக்கு என்னவோ போலாகிவிட்டது. கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். அவரும் பொய் எழுதிக் கொடுத்த அட்டை ஒன்று இருந்தது. ஏரிக்கரையில், பலகை வாடகைக்கு விடும் கொட்டகையில், பச்சைப் பெட்டிக்குள்.

பாய் கட்டிய பலகையில் நின்றுகொண்டு காற்றைப் பிடித்து ஏரியில் போகிற விளையாட்டு அது. அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் பிடித்த பைத்தியம், பதினெட்டு வயதாகியும் விடவில்லை. போன கோடைக்கு முந்தின கோடையில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். முதல் நாள் கொட்டகையில் அட்டை கொடுத்து எடை, அனுபவம் இரண்டையும் எழுதச் சொன்னார்கள். மகள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுபத்து நான்கு என்று எழுதினார். கல்யாணத்தன்று அந்த எடைதான் இருந்தார், அதில் பொய்யில்லை. அனுபவம் என்ற இடத்தில் 'ஓரளவு' என்று போட்டார். அந்த அனுபவம் முழுக்க சோபாவில் சாய்ந்து வீடியோ பார்த்துச் சேர்த்தது.

எழுபத்து நான்கு கிலோவுக்கு, ஓரளவு தெரிந்தவருக்கு, அழகான ஒல்லிப் பலகையாக எடுத்துக் கொடுத்தார்கள். அவர் ஏறினால் அது கணுக்கால்வரை தண்ணீருக்குள் போகும். பாயைத் தூக்கினால் இடப்பக்கம் சாயும், நிமிர்ந்தால் வலப்பக்கம் சாயும். இரண்டு வருடமாக அந்தப் பலகை அவருக்குத் தண்ணி காட்டியது. ஏரிக்கரையில் 'நீர்மூழ்கி டாக்டர்' என்று பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் மகள் பாதி வழியில் திரும்பி வந்து, கயிறு போட்டு அவரை இழுத்துக்கொண்டு கரை சேர்வாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் படிக்கப் போகிறாள். தொலைதூரத்து நகரம், நான்கு வருடம். ஏரி நடுவிலுள்ள மணல் திட்டுவரை அவளோடு பக்கத்தில் பக்கத்தில் போய், யாரும் இழுக்காமல் திரும்பி வர வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். இரண்டு வருடமாக அவர் மனசில் கிடந்த ஆசை அதுதான். மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார். அதை நடத்தும் அம்மாளை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பலகையின் அடியிலிருந்து உடைந்த வால் துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கேப்டன், என் அட்டையைக் கொஞ்சம் எடுங்க. திருத்தணும்."

"எதை?"

"எடையை." டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "தொண்ணூத்தி மூணு."

கேப்டன் சிரிக்கவில்லை. "தண்ணிக்கு ரெண்டு வருஷமா தெரியும் டாக்டர். உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா சண்டைக்கு வர்றாங்க. போன மாசம் ஒருத்தர் என் தராசு தப்புன்னுட்டார்." அழுக்குத் துணியில் கையைத் துடைத்தார். "சரி, அனுபவம்? சினிமாக் கதையெல்லாம் வேண்டாம். கிளம்பின இடத்துக்கு நீங்களா திரும்பி வந்தது எத்தனை தடவை?"

"ஒரு தடவைகூட இல்லை."

"அப்ப சுலபம்" என்று உள்ளே போனார் கேப்டன்.

அவர் இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் டாக்டர் ஓரடி பின்வாங்கினார். சின்னப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக ஏறிப் பழகும் மஞ்சள் பலகை. அகலத்தைப் பார்த்து அதற்குக் கட்டில் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"கன அளவு இருநூத்தி இருபது லிட்டர்" என்றார் கேப்டன். "உங்க எடையைத் தாங்கித் தாராளமா மிதக்கும். நடுவுல பாருங்க, இந்தத் தகட்டைத் தண்ணிக்குள்ள இறக்கிவிட்டா பக்கவாட்டுல நழுவாது. நாளைக்குக் காத்தும் இளங்காத்துதான்."

"இதுல போனா என் மானம் கப்பலேறிடும் கேப்டன். கரையில இருக்கிறவங்க எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க கரையில நிப்பாங்க, நீங்க திட்டுல நிப்பீங்க."

ஞாயிறு காலை மகள் கட்டிலைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்பா, நிஜமாவே இதுலயா?"

"தொண்ணூத்தி மூணு கிலோடா பாப்பா. நான் எழுதினது பொய்."

"தெரியும்பா. அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க."

இரண்டு வருட ரகசியம் ஒரே வார்த்தையில் போயிற்று.

அவள் வழக்கம்போலத் தன் ஒல்லிப் பலகையைத்தான் எடுத்தாள். தொண்ணூறு லிட்டர், வேகத்துக்கென்றே செய்தது, நடுவில் தகடு கிடையாது. "காத்து இறங்கும்மா, இன்னைக்கு நீளமானதா எடுத்துக்கோ" என்று கேப்டன் சொல்லிப் பார்த்தார். "எனக்கு ஓட்டத் தெரியும் கேப்டன்" என்றாள் அவள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண்.

கட்டில் ஆடவில்லை. டாக்டர் அதன் மேல் முட்டி போட்டார், எழுந்தார், பாயைத் தூக்கினார். விழுவதற்குத் தயாராகக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். பலகை பாட்டுக்கு நகர ஆரம்பித்தது. கரையில் நாலைந்து பேர் கைதட்டியது கேட்டது. கேலியாகவே இருக்கட்டும், அவருக்குக் கவலையில்லை.

மகள் முன்னால் பாய்ந்து போனாள், வட்டமடித்து வந்தாள், மறுபடி போனாள். டாக்டர் மாட்டு வண்டி மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரத்தில் கட்டிலின் மூக்கு மணலைத் தொட்டது. டாக்டர் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, தான் வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார். மகள் ஓடிவந்து ஈரத்தோடு கட்டிக்கொண்டாள்.

திரும்பக் கிளம்பும்போது காற்று பாதியாகக் குறைந்திருந்தது. கரைக்குப் போவதென்றால் அந்தக் காற்றுக்குக் கொஞ்சம் எதிராக ஏறிப் போக வேண்டும். கட்டில் தகட்டைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு மெதுவாக ஏறியது. ஒல்லிப் பலகையோ நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே போனது. மகள் பாயை இப்படி வைத்தாள், அப்படி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டியும் கரை விலகிக்கொண்டே இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் தண்ணீரில் விழுந்ததை டாக்டர் பார்த்தார்.

பாயைத் தளர்த்திக் காத்திருந்தார். அவள் தண்ணீரில் கைகளால் தள்ளித் தள்ளிப் பக்கத்தில் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"கயிறு இருக்காப்பா?"

"இருக்கு. ரெண்டு வருஷமா நான்தானே எடுத்துட்டு வர்றேன்."

அவள் தன் பாயைப் பிரித்துப் பலகைமேல் போட்டு, பலகையைக் கயிற்றால் கட்டிலின் வாலில் கட்டினாள். பிறகு கட்டிலின் முன்பக்கம் ஏறி, அவருக்கு முதுகைக் காட்டிக் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரைச் சுமந்தும் கட்டில் முனகவில்லை. தண்ணீர் அடியில் சளக் சளக்கென்று தட்டிக்கொண்டே வந்தது.

பாதித் தூரம் வந்ததும் அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, ஹாஸ்டல் பாரத்துல ஒரு கேள்வி இருந்துச்சு. வீட்டை விட்டுத் தனியா இருந்து பழக்கம் உண்டான்னு."

"என்ன எழுதினே?"

"உண்டுன்னு." திரும்பவில்லை. "எனக்கு ரொம்ப பயமா இருக்குப்பா."

வீட்டில் பெட்டிகள் கட்டும்போதுகூட அவள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். டாக்டருக்குப் பாயை விட்டுவிட்டு அவள் தலையைத் தொட வேண்டும்போல இருந்தது, விட்டால் இருவரும் தண்ணீருக்குள். அதனால் பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குப் போனதும் ஹாஸ்டல் வார்டன்கிட்ட பாரத்தைக் கேட்டு வாங்கித் திருத்திடு. திட்டமாட்டாங்க. தெரிஞ்சாத்தான் அதுக்கு ஏத்தபடி பார்த்துப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, பாப்பா. நீ இல்லாத வீடு எப்படி இருக்கும்னே தெரியலை."

அவள் பின்னால் சாய்ந்து, அவருடைய ஈரக் காலைப் பிடித்துக்கொண்டாள். கரை வரும்வரை விடவில்லை.

கேப்டன் பச்சைப் பெட்டியைத் திறந்தார். அட்டையின் கடைசிக் கட்டம் 'எப்படித் திரும்பினார்' என்பது. டாக்டரின் அட்டையில் மேலிருந்து கீழ்வரை 'மகள் இழுத்து வந்தார்', 'மகள் இழுத்து வந்தார்' என்றே வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே 'தானே வந்தார்' என்று எழுதினார் கேப்டன். அடுத்து மகளின் அட்டையை எடுத்தபோது, அவள் பேனாவை வாங்கித் தானே எழுதினாள்.

'அப்பா கூட்டி வந்தார்.'

"இதை நான் எடுத்துட்டுப் போகலாமா கேப்டன்?"

"அட்டையை வெளியே தர்றதில்லைம்மா. அடுத்த கோடைக்கு வருவேல்ல?"

"வருவேன்."

"அப்ப அது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, கேப்டன் அதை அப்பாவின் அட்டைக்குப் பக்கத்தில் செருகிப் பெட்டியை மூடினார்.