தறி ஓடும்போது மட்டும்

டோரீன் பிக்கப்போடு நான் பேசுவதில்லை. ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிராக்கன்ஷா மில்லில் தறிகள் ஓடும்போது மட்டும் பேசுவேன். அது கணக்கில் சேராது.

சண்டைக்குக் காரணம் சந்தை. சீஸ் கடை முன்னால் நின்றவளைப் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டேன், எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் விருந்துக்கு அழைக்கத்தான். சீஸ்காரன் திரும்பினான். அவனுடைய நாய்கூடத் திரும்பியது. இவள் மட்டும் ஒரு துண்டு சீஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி நடந்துவிட்டாள். மகன் மான்செஸ்டரில் வக்கீல் அல்லவா, தலையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் கோபம் சாதாரணமாகத் தணியாது.

ஆனால் தறிப் பேச்சு வேறு. லங்காஷயர் நெசவுக்கூடத்தில் அத்தனை தறியும் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் சத்தமே இல்லாமல், உதட்டைப் பெரிதாக அசைத்து, புருவம் மூக்கு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம். மீமா என்போம். யாருக்குக் கல்யாணம், யாருக்கு அவசரக் கல்யாணம், எல்லாம் அதில்தான். நானும் டோரீனும் பதினைந்து வயதிலிருந்து எதிரெதிர் வரிசை.

மில் மூடியபின் ஒரு சங்கம் சில தறிகளைக் காப்பாற்றி, ஞாயிறுதோறும் ஓட்டிக் காட்டியது. ஓட்டுவது நாங்கள் இருவர். இப்போது ஒரு கட்டடக்காரன் அந்த இடத்தில் அடுக்குமாடி வீடு கட்டப் பார்த்தான். பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அரசாங்கம் அறிவித்தால்தான் தப்பிக்கும். அதைத் தீர்மானிக்க லண்டனிலிருந்து பெல்லிங்கம் என்ற அதிகாரி வந்தார். நெட்டையான ஆள். யார் பேசினாலும் முகத்தையே வெறித்துப் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

தறிகளை ஓட விட்டோம். கூடம் அதிர்ந்தது. நான் உடனே டோரீனைப் பார்த்து வாயசைத்தேன்.

"வந்திருக்கிறதைப் பாருடி. மீன் கொத்த வந்த கொக்கு மாதிரி இருக்கான்."

"கோட்டைப் பாரு. அவங்க அப்பாவோடதா இருக்கும். அப்பா குட்டைபோல."

அந்த மனிதர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

"இவன் வேண்டாம்னு எழுதிட்டா என்னடி பண்றது?" என்றேன்.

"என்ன பண்றது? வீட்டுல உக்காந்து டீ குடி."

"இது போச்சுன்னா உன்கூட நான் எங்கடி பேசுவேன், கோவேறு கழுதையே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. நூல் அறுந்துவிட்டதுபோல் குனிந்துகொண்டேன். நூல் அறுந்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது டோரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவுல பேசறது. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறது நீதான். என்ன தப்பு பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் சொன்னியா?"

என்ன நெஞ்சழுத்தம்! பதில் சொல்வதற்குள் தறிகளை நிறுத்திவிட்டார்கள். சத்தம் அடங்கியதும் எங்கள் பேச்சும் நின்றது, வழக்கம்போல.

பெல்லிங்கம் டோரீனுக்குப் பின்னால் போய் நின்றார். "மிஸஸ் பிக்கப்?" என்றார். அவள் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மிஸஸ் பிக்கப்!" என்று மறுபடி உரக்கக் கூப்பிட்டார். அசையவில்லை.

எனக்கு வெற்றிக் களிப்பு. "பாத்தீங்களா சார்! இதுதான் அவ குணம். என்னையும் இப்படித்தான் சந்தையில நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தினா!"

அவர் என் வாயையே பார்த்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அவமானம் இல்லைங்க. அவங்களுக்குக் காது கேக்கலை. எனக்கும்தான், சின்ன வயசுலேர்ந்து. உதட்டைப் பாத்துத்தான் பொழப்பே ஓடுது." கோட்டின் முனையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கோட்டு எங்க அப்பாவோடதுதான்."

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. விழுங்கியிருக்கலாம்.

அவர் டோரீனுக்கு முன்னால் போய் நின்று அதையே சொன்னார். அவள் உதட்டைப் படித்துவிட்டாள். முகம் சிவந்தது. "எனக்கெல்லாம் நல்லாக் கேக்குது!" என்றாள். நான் அவளுடைய முதுகுப் பக்கம் நகர்ந்து, "டோரீன்" என்றேன். பிறகு, "பன்னி" என்றேன். அவள் தறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் பாதி. முன்னால் ஓடி அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா தறியைத் தொட விடுவாங்களா? செவிடியை மெஷின்கிட்ட நிறுத்தினா ஆபத்துன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம்..." அவளும் அழுதாள். "அப்புறம் உன்கூட நான் எங்கடி பேசறது?"

பெல்லிங்கம் தொண்டையைக் கனைத்தார். "நின்னுபோன தறி வெறும் இரும்புச் சாமான். ஓடுற கூடமாவே இதைக் காப்பாத்தணும்னு எழுதப்போறேன். முடிவு மேல இருக்கறவங்க கையில. ஆனா அவங்க என் பேச்சைக் கேப்பாங்க."

சங்கத் தலைவர் கைதட்டினார். நாங்கள் கவனிக்கவில்லை.

வெளியே வந்து வீட்டுக்குக் கிளம்பினோம். மேட்டுத் தெரு, கல் பாவிய இறக்கம். பக்கத்தில் நடந்தால் அவளால் என் உதட்டைப் பார்க்க முடியாது. அதனால் நான் அவளுக்கு முன்னால் போய், அவள் பக்கம் திரும்பி, பின்னோக்கி நடந்தேன். சந்தையிலிருந்து ஆரம்பித்தேன். விருந்தில் என்ன சமைத்தேன், யார் யார் வந்தார்கள், என் வீட்டுக்காரர் ஆர்தர் எத்தனை தடவை "டோரீன் எங்கே?" என்று கேட்டார், அவரை அடக்கம் பண்ணிய அன்று இவள் கல்லறைத் தோட்ட வாசலில் நின்றதைப் பார்த்தும் நான் எப்படிப் பார்க்காத மாதிரி போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டும் நடுநடுவே சேர்ந்துகொண்டது. மீன் வறுவல் கடை வாசலில் நின்றவர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்றே நினைத்திருப்பார்கள்.

டோரீன் ஒரு வார்த்தை விடாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள்.

"விளக்குக் கம்பம்டி," என்றாள். "இந்தப் பக்கம் வந்து, மிச்சத்தைச் சொல்லு."