குடைக்காரி யாருக்கு?

அண்ணி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அலமாரியில் கிடந்த பழைய வீடியோ கேமைத் தூசு தட்டி எடுத்து தங்கையிடம் டிவியில் மாட்டச் சொன்னாள். திரையில் சண்டைக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள்.

"எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. சுலபமான ஆளாப் பார்த்துக் கொடும்மா."

தங்கைக்குத் திக்கென்றது. இருப்பதிலேயே சுலபமானவள் குடைக்காரி. ஒரே பொத்தானை அழுத்தினால் போதும், குடை சுழன்று சுழன்று அடிக்கும். தங்கைக்கு எட்டு வயதானபோது அண்ணன் பார்த்துக் கொடுத்த ஆள். அவரவர் ஆள் அவரவருக்கு என்பது வீட்டுச் சட்டம். தங்கை காய்ச்சலில் படுத்த நாளில்கூட அண்ணன் குடைக்காரியைத் தொட்டதில்லை.

"இந்தக் கரடி எப்படி?" என்றாள் அண்ணி.

தலையாட்டியிருந்தால் குடைக்காரி தப்பித்திருப்பாள்.

"அதுக்கு ஏழு பொத்தான் அழுத்தணும் அண்ணி. இவளை எடுத்துக்கோங்க."

சமையலறையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். "ஏய், அது உன் ஆளாச்சே!"

"அண்ணி புதுசுதானே. நீ பாத்திரத்தைக் கழுவு."

அண்ணனின் வாள்வீரனைத் தொட மனம் வராமல் தங்கை கரடியை எடுத்தாள். அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானைக் குத்தினாள். குடை சுழன்றது. கரடியால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடப்பாவமே, இத்தனை வருடமும் அண்ணன் இந்த அடியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தானா!