சங்கிலி இருந்த இடம்

எல்லையில் சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியைக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு அரசாங்கமும் கைகுலுக்கிவிட்டன. இனி அந்த நாட்டு லாரி சரக்கோடு நேராக இந்த நாட்டு நகரத்துக்கே போகலாம். ஊரெல்லாம் சந்தோஷம். எல்லையில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்குத்தான் அடுப்பைப் பற்றவைக்கவே கை வரவில்லை.

இத்தனை வருடமும் அந்தப் பக்கத்து லாரி சங்கிலி வரை வந்து நின்றுவிடும். சுமைக்காரர்கள் சரக்கை இந்தப் பக்கத்து லாரிக்கு மாற்றி ஏற்ற அரை நாள் ஆகும். அதுவரை டிரைவர் சங்கிலியைத் தாண்டக் கூடாது. அக்காதான் டீ கிளாஸைச் சங்கிலிக்கு மேலே நீட்டுவாள். மற்றவர்கள் குடித்துவிட்டு லாரி நிழலில் போய்ப் படுப்பார்கள். மீசைக்கார டிரைவர் மட்டும் காலி கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். மனைவி போய்ச் சேர்ந்தது, மகள் கல்யாணமாகிப் போனது எல்லாம் அப்படி நின்றபடியே சொன்னதுதான். அவளும் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் கொட்டியிருக்கிறாள். ஊரே அக்கா என்று கூப்பிட, அவர் மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அதற்குமேல் மனுஷன் வாயைத் திறந்ததும் இல்லை.

“இனிமே எவன் நிக்கப்போறான்? நம்ம பொழப்புல மண்ணுதான்,” என்றார் சுமைக்காரர் ஒருவர்.

“பொழப்பு போனா வேற பொழப்பு பாத்துக்கலாம், போங்கண்ணே.”

அவள் கவலை பிழைப்பைப் பற்றியது அல்ல. மீசைக்காரர் நிற்காமல் போனால் தலையா போய்விடும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டினாலும் கண் சாலையைவிட்டு நகரவில்லை. லாரிகள் கையாட்டிவிட்டுப் பறந்தன.

மத்தியானம் அவருடைய நீல லாரி வந்தது. சங்கிலி இருந்த இடத்துக்கு முன்னால், வழக்கம்போல, சிவனே என்று நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. அதன் பிறகுதான் நினைவு வந்ததுபோல ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். அவளும் கிளாஸோடு ஓடிப்போய், நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தில் கையை எட்டி நீட்டினாள்.

“இன்னிக்கு நிக்க வேணாமே நீங்க.”

அவர் கிளாஸை வாங்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

“உள்ள வந்து உக்காந்து குடிக்கலாமான்னு கேக்கணும்னு… ரொம்ப நாளா.”

“பெஞ்சு ஓடியா போகுது? வாங்க.”

அவர் பேண்ட்டை முழங்காலருகே பிடித்துக்கொண்டு, வெறும் தரையில் காலை உயரத் தூக்கினார்.

“பாத்து,” என்றாள் அவள், “தடுக்கிடப்போகுது.”