ஓசை எழுப்பிய கால்கள்

அரசு அலுவலகத்தில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவரின் காலடி, அந்த மாதம் முழுவதும் எவர்சில்வர் குடம் படிக்கட்டில் உருளுவது போலச் சத்தம் போடும். எங்கள் ஊரில் அப்படித்தான். செருப்பைக் கழற்றினாலும் கேட்கும், காலில் துணி சுற்றினாலும் கேட்கும். கணவன் இறந்து கைக்குழந்தையோடு நின்ற தையல்காரி முதல்முறை வாங்கி வந்த அன்று, தெருவே ஜன்னலைச் சாத்தியது. எதிர்மாடியில் தனியாக இருந்த பட்டன் தொழிற்சாலை மேஸ்திரி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, "உழைக்கிறவன் வீட்டுல இந்தச் சத்தம் வராதும்மா" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். குழந்தை விழித்துவிடக் கூடாதென்று அவள் வீட்டுக்குள் முழங்காலால் நடந்தாள். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை. சில வருடங்களில் தையல் நன்றாக ஓடியது, அவள் கால்கள் அடங்கின, மகள் பள்ளிக்கூடம் போனாள்.

பிறகு பட்டன் தொழிற்சாலையை மூடினார்கள். பாதி ஊர் உதவித்தொகை வாங்கிக் காலில் சத்தம் போட்டது, ஊர் டாக்டரின் மைத்துனர் உட்பட. முதலில் காதைப் பொத்தினார்கள், அப்புறம் பழகிவிட்டது. "அண்ணன் படியேறிட்டாரு, சோத்தைப் போடு" என்று சொல்லுமளவுக்கு அது வீட்டுச் சத்தமாகிவிட்டது. மேஸ்திரி வீட்டில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அன்று வாயைக் கொடுத்துவிட்டு இன்று எப்படிப் போய்க் கேட்பது என்று பட்டினி கிடந்தார். அந்த அமைதி தையல்காரிக்குத்தான் முதலில் உறைத்தது. போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவரின் தோளில் சட்டை நிற்கவில்லை.

"அண்ணே, கிளம்புங்க. போய் வாங்கிட்டு வந்துடலாம்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா? அன்னைக்கு உன்னை நான்..."

"நான் ஒண்ணும் மறக்கலண்ணே. முதல்ல வயித்தைப் பாருங்க. கூட நான் வரேன்."

திரும்பும்போது அவர் காலெடுத்தபோதெல்லாம் இவளும் காலெடுத்தாள். ஓசை வந்தது, ஆனால் யாருடைய கால் என்று தெரியவில்லை. மூலைவீட்டு அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "மறுபடியும் நீயாம்மா?" என்றாள்.

"ஆமாக்கா. இந்த மாசம் தையல் கம்மி."

மேஸ்திரி நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அவ இல்ல. நான்தான்" என்று சொல்லி, யாருக்கும் சந்தேகம் வேண்டாமென்று காலைத் தூக்கி ஓங்கித் தரையில் வைத்தார். தெருமுனை வரை கேட்டது.

"சரி, பாத்து ஏறுங்கண்ணே, படி ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். ஜன்னல் திறந்தே இருந்தது.