மாடி வீட்டுச் சாவி

“அப்பா, மாடி வீட்டுச் சாவி நம்மகிட்டயும் ஒண்ணு இருக்கே. அப்ப நாம எப்ப வேணும்னாலும் உள்ள போலாமா?”

கேட்டபோது மகளுக்கு ஆறு வயது. கண்டக்டர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “சாவி உள்ள போறதுக்கு இல்ல கண்ணு. குடியிருக்கிறவங்க தொலைச்சுட்டு வந்து நின்னா எடுத்துக் குடுக்கிறதுக்கு” என்றார். அந்தப் பதில் அவருக்கே பிடித்துப்போய், சாப்பிடும்போது மனைவியிடமும் ஒருமுறை சொல்லிக் காட்டினார்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கண்டக்டரும் ஓய்வு பெற்றுவிட்டார். மாடியில் நான்கு குடும்பங்கள் வந்து போயின. சாவி மட்டும் நாள்காட்டிக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது மாடியில் இருந்தவர்கள் மின்விசிறி பழுது பார்க்கும் தம்பதி. தெரு கணவருக்கு வைத்த பெயர் காத்துக்காரர். அவர் கழற்றி, செப்புக் கம்பி சுற்றி, ஓடவைப்பார். மனைவி துடைத்து, மூடி போட்டு, யாருடையது என்று சீட்டு எழுதி வைப்பாள். இருவரும் வாயில்லாப் பூச்சிகள்.

மூன்று மாதம் முன்பு, ஒரு மழைநாளில் கண்டக்டர் வீட்டு ஹால் பல்பு போய்விட்டது. கடைக்குப் போக முடியாத மழை. காத்துக்காரர் தன் மாடிப்படி பல்பைக் கழற்றி வந்து மாட்டிவிட்டார். “உங்களுக்கு?” என்று கண்டக்டர் கேட்டதற்கு, “நாங்க படிய எண்ணி வச்சிருக்கோம் சார். பதினாறு. கண்ண மூடிக்கிட்டே ஏறுவோம்” என்றார். நாளைக்கே வாங்கித் தருவதாகக் கண்டக்டர் சொன்னார். அந்த நாளை வரவேயில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. எங்கேயோ ஒரு கிடங்கில் மின்விசிறிகள் திருட்டுப் போயிருந்தன. மாடியில் இருபத்தெட்டு மின்விசிறிகள் கிடந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை, பில் இல்லை. புதிதாகத் தெரிந்த ஐந்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்ட இன்ஸ்பெக்டர், “மிச்சமெல்லாம் ஓட்ட ஒடசல், எங்களுக்கு வேணாம்” என்றார். காத்துக்காரரை முதலில் ஏற்றினார்கள். அவர் மனைவி கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். கண்டக்டரைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஜீப் கிளம்பிவிட்டது.

கண்டக்டர் மனதில் ஒரு முள் தைத்தது. ‘சீட்டு எழுதுவாளே, எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சீட்டுகூட இல்லையே! நிஜமாகவே திருட்டுதானோ?’

வியாழக்கிழமை மச்சினன் வந்தான். வீட்டுத் தரகன். கையில் புதுப் பூட்டு. வாசலில் பழைய இரும்பு வாங்கும் வண்டி.

“மாமா, சாவியக் குடுங்க. அரை மணி நேரத்துல காலி பண்ணிடலாம். ஞாயித்துக்கிழமை நல்ல குடும்பமா ஒண்ணக் கூட்டிட்டு வரேன்.”

“அவங்க சாமானெல்லாம் இருக்கே மாப்ளே?”

“அதுக்குத்தான் வண்டி நிக்குது. ஜெயிலுக்குப் போனவனுக்கு வீடு எதுக்கு? அங்கதான் இலவசமாத் தராங்களே!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “தெருவே பேசுது மாமா. திருட்டு வீட்டுக்குக் காவல் காக்கிறாருன்னு.”

கண்டக்டரின் கை ஆணிவரை போய்விட்டது. அங்கேயே நின்றது. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் யாராவது பையை மறந்து வைத்துவிட்டுப் போனால், அவர் தனியாகத் திறந்தது கிடையாது. இரண்டு பயணிகளைப் பக்கத்தில் நிறுத்தி, பார்த்ததை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் டெப்போவில் ஒப்படைப்பார். விட்டுப்போன பையும் ஒருவருடைய பைதானே?

“யோசிச்சு சொல்றேன். வண்டிய அனுப்பு” என்றார்.

“போய் ஒரு வக்கீலக் கேட்டுட்டு வாங்க” என்றாள் மனைவி, உள்ளேயிருந்தே. “இவன் பேச்சக் கேட்டுப் பூட்ட ஒடைக்கிறதுக்கு நம்ம தலைய ஒடச்சுக்கலாம்.”

வக்கீலம்மாவின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. நாற்காலியில் இருந்த கட்டுகளை ஒதுக்கி அவரை உட்காரவைத்து, முழுக்கக் கேட்டாள்.

“கைது வேற, தீர்ப்பு வேற சார். அவங்க உள்ள இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கு. நீங்க பூட்ட மாத்தக் கூடாது, சாமான வெளிய போடக் கூடாது, கரண்டு தண்ணிய நிறுத்தக் கூடாது. செஞ்சீங்கன்னா அவங்க உங்க மேல கேஸ் போடலாம்.”

“அப்ப எனக்கு ஒரு வழியும் இல்லியா? என் வீடும்மா அது.”

“ஏன் இல்ல? வாடகை நின்னா நோட்டீஸ் குடுத்து கோர்ட்டுக்குப் போலாம். அந்த வீட்ட வச்சே குத்தம் பண்ணாங்கன்னு நிரூபணமானா, அதக் காட்டி காலி பண்ணச் சொல்லலாம். அவங்களே விட்டுடறோம்னு எழுதிக் குடுத்தா இன்னும் சுலபம். ஆனா எதுக்கும் முன்னாடி அவங்களக் கேக்கணும்.”

“ஜெயில்ல இருக்கிறவங்கள எப்படிக் கேக்கிறது?”

“கடுதாசி போகும் சார். அந்த கேட்டுக்குள்ளயும் தபால்காரர் போறாரே!”

அவள் கச்சிதமாக ஒரு நோட்டீஸ் தயார் செய்தாள். வீட்டில் தொடர்ந்து இருக்க விருப்பமா, காலி செய்ய விருப்பமா, எழுத்தில் தெரிவிக்கவும். கண்டக்டர் அதைப் படித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவைக் கேட்டு வாங்கி, அடியில் தன் கையால் எழுதினார்: ‘வீடு நீங்கள் பூட்டியபடியே இருக்கிறது. யாரும் உள்ளே போகவில்லை. உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?’

அந்தக் கடைசிக் கேள்வியைச் சட்டம் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் கடவுள் பெரும்பாலும் அந்த மாதிரிக் கேள்விகளுக்குள்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. காத்துக்காரர் மனைவியின் கையெழுத்து. கீழே இருவரும் கையெழுத்திட்டு, சிறை முத்திரை விழுந்திருந்தது.

‘ஐயா, வீடு வேண்டும். வேறு போக்கிடம் இல்லை. சீட்டை வெளியே கட்டினால் எண்ணெய் பட்டு எழுத்து அழிகிறது என்று, ஆறு மாதமாக மோட்டார் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வந்தேன். போலீஸில் சொன்னோம். விசிறி வயிற்றுக்குள் விலாசமா என்று சிரித்தார்கள். திறந்து பார்க்க ஆளில்லை. நீங்கள் சாட்சிகளோடு உள்ளே போய்ப் பார்க்க எங்கள் இருவருக்கும் சம்மதம்.’

படித்து முடித்ததும் கண்டக்டர் ஆணியில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்தார். அன்று மட்டும் வண்டியில் ஏற்றியிருந்தால்!

சாவி அன்றுதான் ஆணியிலிருந்து இறங்கியது. வக்கீலம்மா ஒரு சாட்சி. இன்னொரு சாட்சியாக மச்சினனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கண்டக்டர் ஸ்க்ரூ டிரைவரால் முதல் மூடியைக் கழற்றினார். உள்ளே, சுத்தமாக, அழகான எழுத்தில் ஒரு சீட்டு: ‘பெட்டிக்கடைக்காரர், மூன்றாவது தெரு. மெதுவாகச் சுற்றுகிறது.’

அடுத்தது: ‘டீச்சரம்மா, பச்சை கேட் வீடு. ரெகுலேட்டர் சரியில்லை.’

பதினொன்றாவதை வக்கீலம்மா வாய்விட்டுப் படித்தாள். “‘வீட்டுத் தரகர். மனைவி கொடுத்தது. ரொம்பச் சத்தம் போடுகிறது.’”

மச்சினன் எட்டிப் பார்த்தான். “ஐயய்யோ, இது எங்க பெட்ரூம் ஃபேனு! ரிப்பேருக்குக் குடுத்துட்டேன்னு சொன்னாளே, இங்கியா குடுத்தா?”

“எடைக்குப் போடவா மாப்ளே? வண்டியக் கூப்பிடட்டுமா?”

“மாமா, சும்மா இருங்க மாமா.”

இருபத்து மூன்று மூடி, இருபத்து மூன்று சீட்டு. எல்லாவற்றையும் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு கண்டக்டர் வீடு வீடாகப் போனார். “கேஸுங்கிறாங்களே சார், நமக்கெதுக்கு வம்பு?” என்று பலர் கதவைப் பாதிதான் திறந்தார்கள். அங்கெல்லாம் மச்சினன் புகுந்தான். “என்னங்க பயம்? என் ஃபேனும்தான் அங்க இருக்கு. நம்ம சாமான நம்மளதுன்னு சொல்ல நாக்கு எழும்பாதா?” தரகன் வாய் அன்றைக்குத்தான் ஒரு புண்ணியம் செய்தது.

வக்கீலம்மா போட்ட மனுவை ஏற்று, போலீஸ் எடுத்துப்போன ஐந்தையும் கோர்ட்டிலேயே திறந்து பார்க்க நீதிபதி உத்தரவிட்டார். மேஜை மேல் ஐந்தும் வரிசையாக இருந்தன. ஊழியர் முதல் மூடியைக் கழற்றினார்.

“‘சலவைக்கடை, கோடி வீடு’” என்று படித்தார்.

“ஐயா, அது எங்களோடது!” பின்வரிசையிலிருந்து சலவைக்கடைக்காரர் எழுந்துவிட்டார்.

“உட்காருங்க. கோர்ட்டுல சத்தம் போடக் கூடாது.”

“போடலீங்க ஐயா. வெக்கை தாங்கல, எப்பத் தருவீங்க?”

நீதிபதி கோப்பை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். கோப்பு குலுங்கியது. ஐந்து மூடிகளிலும் ஐந்து பெயர்கள். ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தெருவே நின்றது. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், அவசரக்காரர், அவ்வளவுதான். வெளியே கண்டக்டரிடம் வந்து, “சிரிக்காம ஒண்ணத் திறந்து பாத்திருக்கணும் சார்” என்றார்.

அன்று சாயங்காலமே விடுதலையாகி, காத்துக்காரரும் மனைவியும் வந்து இறங்கினார்கள். தெருமுனையிலிருந்தே கூட்டம் அவர்களை அழைத்து வந்தது. டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்டக்டர் வீட்டு ஹாலில் நிற்க இடமில்லை. மனைவி மூன்றாவது முறையாக டீ போட்டாள். நடுவில் நின்று மச்சினன் முழங்கிக்கொண்டிருந்தான்: “நான் அன்னைக்கே மாமாகிட்டச் சொன்னேன், பூட்டுல மட்டும் கை வைக்கக் கூடாதுன்னு!” காத்துக்காரர் தலைக்கு மேல் எரிந்த பல்பை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் மெல்ல வெளியே நழுவினார். சட்டைப் பையில் காலையில் வாங்கிய சின்ன அட்டைப் பெட்டி. மாடிப்படி இருட்டத் தொடங்கியிருந்தது. எண்ணிக்கொண்டே ஏறினார். பதினாறு, சரிதான். எக்கி நின்று பல்பைத் திருகி மாட்டி, சுவிட்சைப் போட்டார். படி முழுக்க வெளிச்சம் இறங்கியது.

காலி அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கீழே யாரும் அவரைத் தேடியிருக்கவில்லை.